கத்தரிக்கோலும் கால்குலேட்டரும்



"பாலிடெக்னிக் மலரில் பியூட்டி பார்லருக்கு என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்கள் ஒரு நிமிடம் பொறுக்கவும். டிப்ளமோ முடித்து நம்மில் எத்தனை பேர் கம்பெனிக்குப் போவோம், எத்தனை பேர் சொந்தமாக ஏ.ஸி. சர்வீஸ் கடையோ, மொபைல் ரிப்பேர் கடையோ, ப்ளான் போட்டுக் கொடுக்கும் ஆபீஸோ திறப்போம் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் எதைத் திறந்தாலும், ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் கல்லாவுக்கு முன்னால் நின்று, "என்னங்க, இவ்வளவு சொல்றீங்க?" என்று கேட்கத்தான் போகிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் சிலபஸில் பேப்பர் கிடையாது. நான் கற்றுக்கொண்டது ஒரு பியூட்டி பார்லரில்.

திண்டுக்கல்லில் என் சித்தி பதினோரு வருடமாகப் பார்லர் நடத்துகிறார். இரண்டு நாற்காலி, திரைக்குப் பின்னால் ஒரு ஃபேஷியல் கட்டில், வேலைக்கு இரண்டு அக்காமார். சனி, ஞாயிறுகளிலும் லீவு நாட்களிலும் கல்லாவில் உட்காருவது நான். பில் எழுதுவது, மீதிச் சில்லறை கொடுப்பது, சண்டை வந்தால் முதல் ஆளாக முகம் கொடுப்பது, மூன்றும் என் இலாகா.

ஆண்கள் சலூனில் இந்தத் தகராறு ஏன் குறைவு என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பல ஊர்களில் கண்ணாடிக்கு மேலே முடிதிருத்துவோர் சங்கத்தின் விலைப்பட்டியல் ஃபிரேம் போட்டுத் தொங்கும். கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, சிறுவர்களுக்கு இவ்வளவு. உட்காருகிறவர் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார். அப்படியே முணுமுணுத்தாலும் "சங்க ரேட்டுண்ணே" என்ற ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். விலையைச் சொல்வது எதிரே நிற்கும் ஆள் அல்ல, எங்கோ இருக்கும் சங்கம். அதனால் ஆளோடு சண்டை வருவதில்லை. (செவ்வாய்க்கிழமை லீவு என்பதும் அப்படித்தான். யாரும் கடைக்காரரைக் கோபித்துக் கொள்வதில்லை.)

பெண்கள் பார்லரில் நிலைமை வேறு. எங்கள் ஊரில் கடைக்குக் கடை விலை வேறு. விலை மட்டுமா, பெயரும் வேறு! கோல்டு ஃபேஷியல், பேர்ல் ஃபேஷியல், ஃப்ரூட் ஃபேஷியல், டயமண்ட் ஃபேஷியல் என்று நகைக்கடையும் பழக்கடையும் கலந்த மாதிரி இருக்கும். ஒரு கடையில் ஃப்ரூட் ஃபேஷியல் என்றால் நாற்பது நிமிடம். இன்னொரு கடையில் ஒன்றே கால் மணி நேரம், கழுத்தும் சேர்த்து. பெயர் ஒன்று என்பதால் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது வாடிக்கையாளரின் குற்றம் இல்லை. பெயரை மட்டும் பலகையில் எழுதி, என்ன செய்வோம், எவ்வளவு நேரம் செய்வோம் என்று எழுதாதது கடையின் குற்றம். சித்தி கடைப் பலகையில் இப்போது மூன்று கட்டம் இருக்கிறது: வேலை, நேரம், விலை. நடுக் கட்டத்தைச் சேர்த்த பிறகு "அங்க கம்மியாச்சே" என்ற பேச்சு பாதியாகக் குறைந்தது என்று சித்தி சொல்கிறார்.

இனி நமக்குப் பிடித்த விஷயத்துக்கு வருவோம்: கணக்கு.

விலைத் தகராறில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "அந்த க்ரீம் கடையில நூத்தம்பது ரூபாதாங்க. நீங்க அறுநூறு போடுறீங்க!" கேட்டவுடன் நியாயம் போலத்தான் தோன்றும். மெக்கானிக்கல் நண்பர்கள் மெஷின் ஹவர் ரேட் என்று ஒன்று படிப்பார்கள். லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஷெட்டுக்கு வாடகை உண்டு, ஆளுக்குச் சம்பளம் உண்டு; அதையெல்லாம் மெஷின் ஓடும் மணிகளின் மேல் பங்கு போட வேண்டும். பார்லர் நாற்காலியும் ஒரு லேத்துதான். ஒரு சின்ன பார்லரின் மாதக் கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன். (எங்கள் கடையின் நிஜக் கணக்கை எழுதினால் சித்தி என்னை உள்ளே விடமாட்டார். எண்கள் கற்பனை, முறை நிஜம்.)

வாடகை 9,000. கரண்ட் 3,000. இரண்டு பேர் சம்பளம் 24,000. டவல் சலவை, தண்ணீர், பஞ்சு, நூல் 2,000. ஸ்டீமர், நாற்காலி வாங்கிய கடனுக்குத் தவணை 4,000. முதலாளியம்மா தனக்கென்று எடுக்கும் சம்பளம் 15,000. (இதைப் பல பேர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "நான் எனக்கே எதுக்குச் சம்பளம் போட்டுக்கணும்?" என்பார்கள். வருடக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காததற்கு அதுதான் காரணம்.) ஆக மொத்தம் 57,000. இரண்டு நாற்காலி, மாதம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்றால் 468 மணி. ஆனால் நாற்காலி எப்போதும் நிரம்பியா இருக்கிறது? பாதி நேரம் காலி. நிஜமாக வேலை நடப்பது 234 மணி என்று வைத்தால், 57,000-ஐ 234-ஆல் வகுக்க, மணிக்குச் சுமார் 244 ரூபாய். நிமிடத்துக்கு 4 ரூபாய்!

இப்போது அந்த ஃபேஷியலைப் பாருங்கள். 75 நிமிட வேலை என்றால் நேரத்துக்கு மட்டும் 300. க்ரீம், பேக், பஞ்சு 150. அடக்கம் 450. விலை 600. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிந்தது 150, தெரியாதது 300. இந்தத் தெரியாத 300-தான் எல்லாச் சண்டைக்கும் வேர் என்பது என் கட்சி. ஷாம்பு பாட்டிலில் எம்.ஆர்.பி. அச்சடித்திருந்தால் நாம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறோம். அதே ஷாம்புவை ஒரு அக்கா கால் கடுக்க நின்று நம் தலையில் தேய்த்துவிட்டால் பேரம் பேசுகிறோம். செருப்புத் தைப்பவரிடமும் தையல்காரரிடமும் பிளம்பரிடமும் நாம் செய்வது இதே. சரக்குக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்று எங்கிருந்தோ நம் மனசில் பதிந்து போயிருக்கிறது. நாளைக்கு நம் கைக்கும் யாராவது இப்படித்தான் விலை பேசுவார்கள்.

இதற்காக வாடிக்கையாளரிடம் மெஷின் ஹவர் ரேட் பாடம் எடுக்க முடியாது. எடுத்தால் அடுத்த தடவை வரமாட்டார். கணக்கு நமக்கு. நம் விலை நியாயமானது என்று நமக்கே தெரிந்திருந்தால் குரல் நடுங்காது. தெரியாதவர்தான் ஒன்று கத்துவார், இல்லையென்றால் உடனே குறைத்துவிடுவார்.

அடுத்தது, எப்போது விலை பேசுவது என்ற விஷயம். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் 'இதற்கு மேல் திரும்ப முடியாது' என்று ஓர் இடம் உண்டு. கான்கிரீட் போடுகிறவர்களுக்கு இது தெரியும்; தண்ணீர் ஊற்றிக் கலந்தாகிவிட்டால் போட்டே தீர வேண்டும். தலைமுடிச் சாயமும் அப்படித்தான். ட்யூபில் இருக்கும் கலரை டெவலப்பரோடு கலந்த நிமிடமே அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மீதியை மூடி வைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது, கொட்டத்தான் வேண்டும். தோள் வரையுள்ள முடிக்கு ஒரு ட்யூப் போதும். இடுப்பு வரை அடர்த்தியாக இருந்தால் மூன்று ட்யூபும் போகும். ஆகவே "இன்னொரு ட்யூப் வேணும்க்கா, அதுக்கு இவ்வளவு ஆகும், போடவா?" என்ற கேள்வி கலக்குவதற்கு முன்னால் வர வேண்டும். கலந்து, தலையில் பாதி பூசிய பிறகு கேட்டால் அது கேள்வி இல்லை, மிரட்டல். பாதித் தலை கறுப்பும் பாதித் தலை பழுப்புமாக எழுந்து போகவா முடியும்? அவர் அப்போது "சரி, போடுங்க" என்பார். ஆனால் கல்லாவில் வந்து வெடிப்பார். வெடித்தது கல்லாவில் என்றாலும் திரி பற்றியது நாற்காலியில்.

முடி வெட்டும்போது முதல் வெட்டு விழும் இடம், ஸ்ட்ரெய்ட்டனிங்கில் க்ரீம் பூசும் இடம், ஃபேஷியலில் "ஸ்கின் ட்ரையா இருக்கு, ஒரு ஸ்பெஷல் பேக் போட்டுடவா" என்று கேட்கும் இடம், எல்லாம் இதே வகை. கடைசியாகச் சொன்னது ரொம்ப மோசம். கண்ணில் வெள்ளரிக்காய் வைத்துப் படுத்திருக்கும் ஒரு அம்மாள் அரைத் தூக்கத்தில் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு 250 ரூபாய் பில் போடும் கடைகள் இருக்கின்றன. சித்தி கடையில் கட்டிலில் படுத்த பிறகு எதையும் விற்கக் கூடாது என்பது சட்டம். விற்க வேண்டுமென்றால் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணைப் பார்த்து, தொகையைச் சொல்லி விற்க வேண்டும்.

நான் சிவில் மாணவி. காண்ட்ராக்ட் வேலையில் எஸ்டிமேட்டில் இல்லாத வேலை வந்தால் அதை எக்ஸ்ட்ரா ஐட்டம் என்று தனியாக எழுதி, ஒப்புதல் வாங்கி, எம்-புக்கில் அளவு ஏற்றினால்தான் பணம். வாயால் சொன்னது கணக்கில்லை. இதைப் படித்துவிட்டுத்தான் சித்தியிடம் ஒரு யோசனை சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் வேலையின் பெயர், சொன்ன விலை இரண்டையும் எழுதிக் கண்ணாடி முன்னால் வைத்துவிடுவது. நடுவில் எதையாவது சேர்த்தால் அவர் பார்க்க அதே சீட்டில் எழுதுவது. முடிந்ததும் சீட்டு கல்லாவுக்கு வரும். அதில் இருப்பதுதான் பில். "இதெல்லாம் ஓட்டல்ல பண்றதுடி" என்று சித்தி முதலில் சிரித்தார். இப்போது சீட்டுக்கட்டு தீர்ந்தால் அவரே போன் போட்டு, "வர்றப்போ சீட்டு வாங்கிட்டு வா" என்கிறார்.

போனில் விலை சொல்வதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் பெண், தன் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் முடி ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ள வந்தார். முதல் நாள் போனில் கேட்டிருக்கிறார். கடையில் வேலை பார்க்கும் அக்கா "3,500" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் வந்த பெண் பின்னலை அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே முடி! நாலரை மணி நேர வேலை. பலகைப்படி அந்த நீளத்துக்கு 5,000. நடுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்லாவில் நான் 5,000 என்றதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. பர்ஸைத் திறந்து கல்லா மேசையில் கொட்டினார். 3,620 ரூபாய். அதில் 120 பஸ்ஸுக்கும் பூவுக்கும். "அக்கா, போன்ல இதானே சொன்னாங்க... நான் இதுக்குன்னு மூணு மாசமா எடுத்து வெச்சேங்க்கா" என்றார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சித்தி உள்ளேயிருந்து வந்தார். சீட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "3,500 குடும்மா, போதும்" என்றார். அந்தப் பெண் போன பிறகு என்னிடம் சொன்னார்: "முடியைப் பாக்காம விலை சொன்னது கடை. அப்ப அந்த விலைக்குக் கட்டுப்பட வேண்டியதும் கடைதான்."

இதில் இன்னொரு கட்டம் உண்டு. குறைந்துபோன அந்த 1,500 யார் தலையில் விழுகிறது? போனில் சொன்னவர் சம்பளத்தில் பிடிக்கும் பார்லர்கள் உண்டு. மாதம் பன்னிரண்டாயிரம் வாங்குகிறவருக்கு அது நாலு நாள் கூலி. அப்படிப் பிடிக்க ஆரம்பித்தால் அந்த அக்கா அடுத்த தடவை என்ன செய்வார்? வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பார். அல்லது தவறை மறைப்பார். சித்தி பிடிக்கவில்லை. பதிலாக, போன் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டினார். கலர், ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்பா கேட்டால் ஒரே எண் சொல்லக் கூடாது. "முடி நீளத்தைப் பொறுத்து 3,000-லேர்ந்து 6,000 வரைக்கும் ஆகும்மா. பின்பக்கமா ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க, சரியாச் சொல்றோம்" என்று சொல்ல வேண்டும். போட்டோ பார்த்துச் சொன்ன விலையை எழுத்தில் அனுப்ப வேண்டும். அதன்பின் கடை மாற்றக் கூடாது. எளிய ஏற்பாடு. அந்த அக்காவும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.

சரி, எல்லா ஏற்பாடும் செய்தும் ஒருவர் கல்லா முன்னால் நின்று சத்தம் போடுகிறார். என்ன செய்வது?

முதல் காரியம், இடத்தை மாற்றுவது. காத்திருக்கும் நாலு பேர் பார்க்கும்போது யாராலும் பின்வாங்க முடியாது. அவராலும் முடியாது, நம்மாலும் முடியாது. "உள்ள வாங்கக்கா, உக்காந்து பேசுவோம்" என்று திரைக்குப் பின்னால் அழைத்தாலே பாதிக் கோபம் இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் இன்னும் கால்வாசி. இரண்டாவது, நாம் பேசாமல் இருப்பது. இது ரொம்பக் கஷ்டம். ஆனால் "விலை ஜாஸ்தி" என்று சொல்கிறவர் எல்லோரும் விலையைப் பற்றியா பேசுகிறார்கள்? இல்லை. வேலை பிடிக்காதவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விலையில் ஏறிக்கொள்கிறார்கள். "இடது புருவம் கொஞ்சம் மெலிஞ்சிருச்சு" என்று சொல்வதைவிட "அம்பது ரூபாயா!" என்று சொல்வது எளிது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். "வேலை எப்படிக்கா இருக்கு, எதாவது சரி பண்ணணுமா?" என்று ஒரு கேள்வி. சில சமயம் இரண்டு நிமிடத்தில் சரி செய்து கொடுத்தவுடன் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வேலை நன்றாக இருக்கிறது, விலையும் முன்பே தெரியும், இருந்தாலும் கேட்டுப் பார்ப்போமே என்று கேட்கிறவர்களும் உண்டு. நம் அம்மாக்களில் பலர் இந்தக் கட்சிதான். இவர்கள் மேல் கோபப்படவே கூடாது. காய்கறிக் கடையில் கொசுறு வாங்கும் பழக்கம். சிரித்துக்கொண்டே "உங்களுக்குக் கூட்டியா போடப் போறேன்? எல்லாருக்கும் இதாங்க்கா" என்றால் அவர்களும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள்.

குறைத்தே ஆக வேண்டும் என்றால் எப்படிக் குறைப்பது? மறுபடி கணக்கு. 600 ரூபாய் ஃபேஷியலில் அடக்கம் 450, லாபம் 150 என்று பார்த்தோம். 100 ரூபாய் குறைத்தால் வாடிக்கையாளருக்கு அது ஆறில் ஒரு பங்கு. நமக்கோ லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு! அதோடு அடுத்த மாதம் அவருக்கு அந்த ஃபேஷியலின் விலை 500. அவர் தங்கைக்கும் 500. அவர் அடுத்த வீட்டுக்காரிக்கும் 500. ஆகவே சித்தி பணத்தில் கை வைக்கமாட்டார். "ரேட்டு இதாம்மா. ஆனா உனக்காகப் பத்து நிமிஷம் தலைக்கு மசாஜ் பண்ணச் சொல்றேன்" என்பார். நிமிடத்துக்கு 4 ரூபாய் கணக்கில் அது 40 ரூபாய். நாற்காலி காலியாக இருக்கும் மத்தியான நேரமென்றால் அதுவும் இல்லை. வாங்குகிறவருக்கோ 100 ரூபாய் குறைத்ததைவிட அதிகச் சந்தோஷம். ஆனால் தவறு கடையுடையது என்றால் இந்த வித்தையெல்லாம் காட்டக் கூடாது. பணத்தைத்தான் குறைக்க வேண்டும், அதுவும் அவர் கேட்பதற்கு முன்னால்.

கல்யாண ஆர்டர் தனி உலகம். ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை, வைகாசி, ஆவணி மாதிரி மாதங்களின் முகூர்த்த நாட்களில்தான் பார்லருக்கு வருமானம். ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மணப்பெண்ணைத்தான் எடுக்க முடியும். ஒருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அதே நாளுக்கு வரும் மற்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் "அட்வான்ஸ் திரும்பத் தரமாட்டோம்" என்று மட்டும் எழுதினால் அடாவடி போலத்தான் தெரியும். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலானவர் ஒத்துக்கொள்கிறார்கள். வீட்டில் துக்கம் ஏற்பட்டுத் தள்ளிப்போனால் அந்த அட்வான்ஸ் புதுத் தேதிக்கு அப்படியே செல்லும். இது சித்தி தானாக வைத்துக்கொண்ட விதி.

தகராறு வருவது அட்வான்ஸில் அல்ல, 'கூட ரெண்டு பேர்' என்பதில். பேசியது பொண்ணுக்கும் அக்காவுக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்தில் போய்ப் பெட்டியைத் திறந்தால் அத்தை, சின்ன அத்தை, பூ எடுத்துப் போகும் பாப்பா, "எனக்குச் சேலை மட்டும் கட்டிவிடும்மா" என்று ஒரு பாட்டி. பாட்டியிடம் யார் பணம் கேட்பது? அதற்குத்தான் ஆர்டர் எடுக்கும் அன்றே ஒரு தாள்: எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் மேக்கப்பா, சேலைக்கட்டு மட்டுமா, பூவும் ஜடை அலங்காரமும் யார் வாங்குவது, போய் வர வண்டி யார் செலவு, கூடுதலாக ஒருவர் சேர்ந்தால் எவ்வளவு. கீழே பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்து. மண்டபத்தில் கூடுதல் ஆள் வந்தால் மணப்பெண்ணிடம் பேசக் கூடாது. அவளுக்கு அன்றைக்கு ஆயிரம் கவலை. கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு, "அண்ணே, மூணு பேர் சேர்ந்திருக்காங்க, இவ்வளவு வரும், பண்ணட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் வேண்டாம். பாட்டிக்கு மட்டும் எப்போதும் இலவசம்!

மீதித் தொகையை முதல்நாள் மாலை ரிசப்ஷன் மேக்கப் முடிந்ததும் வாங்கிவிடுவது வழக்கம். தரவில்லை என்றாலும் காலையில் வேலையை நிறுத்தக் கூடாது. பாதி அலங்காரத்தோடு ஒரு பெண்ணை உட்கார வைத்துப் பணம் கேட்டு ஜெயித்த கடைக்காரியைப் பற்றி ஊரில் பேசக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்தப் பணம் வந்தது. அந்தத் தெருவிலிருந்து அடுத்த ஆர்டர் வரவில்லை. பணக் கணக்கை விட்டுத் தள்ளுங்கள், முகூர்த்த நேரத்தை வைத்து ஒரு குடும்பத்தை மிரட்டுவது எனக்கு அசிங்கமாகத்தான் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் பார்லர் வேலையும் அதில் சேவைதான். செய்த சேவைக்கு பில் கொடுக்காமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஐம்பது ரூபாய் த்ரெட்டிங்குக்கு யாரும் அங்கே போகப் போவதில்லை என்றாலும், பெரிய தொகைகளில் எழுத்து இரண்டு பக்கத்துக்கும் காவல். டில்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் சலூனில் 2018-ல், சொன்னதைவிட மிகக் கட்டையாக முடியை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். தேசிய ஆணையம் 2021-ல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லி வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. பல்லாயிரம் ரூபாய் வேலையோ பல கோடி ரூபாய் வழக்கோ, கடைசியில் எல்லோரும் கேட்பது 'காகிதம் எங்கே?' என்றுதான்.

வரி விஷயத்திலும் ஒரு புதுத் தகராறு. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், பார்லர் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. செய்தி வந்த வாரமே, "டாக்ஸ் குறைஞ்சிருச்சே, நீங்க ஏன் குறைக்கல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய கடைகளிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. 1,000 ரூபாய் வேலைக்கு 1,180 வாங்கியவர் 1,050 வாங்க வேண்டும். ஆனால் 5 சதவீதம் வாங்குகிறவர், தான் க்ரீமுக்கும் மெஷினுக்கும் வாடகைக்கும் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது; அதனால் அடிப்படை விலையைச் சிலர் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வரவு உள்ள, பதிவு செய்யாத எங்களைப் போன்ற சின்னக் கடை அந்த வரியை வாங்கியதே இல்லை. வாங்காத வரியை எப்படிக் குறைப்பது? அதே மாதம் ஷாம்புவுக்கும் தலைமுடி எண்ணெய்க்கும் முகப் பவுடருக்கும் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சலுகை ஸ்பாவில் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்று நான் வாதாடி, பலகையில் 20 ரூபாய் குறைக்க வைத்தேன். அதே சமயம், பதிவு எண் இல்லாத கடை பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி போட்டால், நண்பர்களே, தயங்காமல் நம்பர் எங்கே என்று கேளுங்கள்.

விலை ஏற்றும்போது வரும் மனஸ்தாபம்தான் பழைய வாடிக்கையாளர்களைக் கொண்டுபோகிறது. வருடக்கணக்காக 40 ரூபாய் கொடுத்தவர் எழுந்து வந்து 40-ஐ நீட்டும்போது "50 ஆச்சுக்கா" என்றால் அது பத்து ரூபாய் விஷயமே இல்லை. 'எனக்குச் சொல்லலையே' என்ற வருத்தம். சித்தி தை முதல் தேதிதான் ஏற்றுவார், வருடத்துக்கு ஒரே தடவை. மார்கழி முழுக்கப் பலகைக்குக் கீழே அறிவிப்புத் தொங்கும். வருகிற ஒவ்வொருவரிடமும், "அடுத்த மாசத்துலேர்ந்து அம்பதுக்கா" என்று நாங்களே வாயால் சொல்ல வேண்டும். மறந்துபோய் யாரிடமாவது சொல்லவில்லை என்றால் அவருக்குத் தையிலும் ஒரு தடவை பழைய விலைதான்.

கடைசியில், எதற்கும் மசியாமல் பாதிப் பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவரும் வருடத்தில் இரண்டு மூன்று பேர் உண்டு. வாசல் வரை துரத்துவதில்லை, தெருவில் சத்தம் போடுவதில்லை. நோட்டின் பின்பக்கத்தில் தேதி, வேலை, பாக்கி மூன்றையும் எழுதி வைப்பேன். அவர் மறுபடி வந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே, சிரித்த முகத்தோடு, "போன தடவை இருநூறு நிக்குதுங்க்கா. இன்னைக்கு முன்னாடியே குடுத்துட்டா ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்ல வேண்டும். போன வருடம் எழுதிய மூன்று பெயர்களில் இருவர் திரும்ப வந்தார்கள். ஒருவர் கொடுத்தார். இன்னொருவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.